கன்டென்ட் மாடரேஷன் வேலையை விட்டும் விடாத பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்): இதே நிலையில் யாராவது இருக்கிறீர்களா?

ஆடிக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு பிபிஓவில் தமிழ் க்யூவில் (தமிழ்ப் பதிவுகள் வரிசையாக வந்து நிற்கும் பிரிவு) வேலை பார்த்தேன். சொந்தக்காரர்கள் கேட்டால் "டேட்டா ப்ராசஸிங்" என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அது கன்டென்ட் மாடரேஷன். மக்கள் ரிப்போர்ட் செய்யும் வீடியோ, போட்டோ, லைவ் எல்லாம் எங்கள் திரைக்கு வரும். எந்த விதியை மீறுகிறது என்று பார்த்து, நீக்க வேண்டும் அல்லது விட வேண்டும். ஒன்றை முடித்தால் அடுத்தது தானாக வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடவும் முடியாது. எந்த நொடியில் மீறல் நடக்கிறது என்று குறிக்க வேண்டும், அதற்காகத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். க்யூஏ (தரச் சோதனை) மதிப்பெண் இறங்கினால் டீம் லீட் கூப்பிட்டுவிடுவார்.

தற்கொலை, குழந்தைகள் மீதான வன்முறை என்று இரண்டு க்யூவிலும் இருந்திருக்கிறேன். அதற்கு மேல் விவரம் எழுதப்போவதில்லை.

வேலையில் இருந்தவரை சாப்பிட்டேன், தூங்கினேன், டீமோடு சினிமாவுக்குப் போனேன். பேப்பர் போட்டுவிட்டு ஊருக்கு வந்து, பல மாதம் கழித்துத்தான் எல்லாம் தொடங்கியது. அக்கா மகன் மொட்டை மாடிப் படியில் ஏறினாலே எனக்குக் கை கால் உதறுகிறது. வீட்டில் யாராவது போனில் வீடியோ ஓடவிட்டால், முதல் நொடிச் சத்தத்தை வைத்தே அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று மனம் கணிக்க ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அது கல்யாண வீட்டு ரீல்ஸாகத்தான் இருக்கும். ஆனால் மடியில் இருக்கும் என் சுட்டுவிரல் பழைய ஷார்ட்கட் கீயைத் தேடித் தட்டிக்கொண்டிருக்கும். அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னடி, விரல் தானா ஆடுது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மதுரையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். நல்ல மனிதர். பிடிஎஸ்டி என்றார், மாத்திரை கொடுத்தார், தெரபிக்கும் போகச் சொன்னார். "என்ன விபத்து நடந்தது?" என்று அவர் கேட்டபோதுதான் வாயடைத்துப்போனது. எனக்கு எதுவும் நடக்கவில்லை, நான் பார்த்தேன், அவ்வளவுதான். அதைச் சொல்லவும் பயம், ஏனென்றால் சேரும்போதே என்டிஏவில் (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

கேட்க நினைப்பது இரண்டு. இந்த வேலை பார்த்த தமிழ் ஆட்கள் இங்கே இருக்கிறீர்களா? எப்படி மீண்டீர்கள்? வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒரு ஆளிடம் பேச வேண்டும் போல இருக்கிறது.

---

செம்மண்தேரி

தங்கையே, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிஎஸ்டி என்பது போருக்குப் போனவர்களுக்கும் பெரிய விபத்தில் மாட்டியவர்களுக்கும் வருவது. ஏசி ரூமில் உட்கார்ந்து வீடியோ பார்த்ததற்கும் அந்தப் பெயரா? நியூஸ் சேனலில் நாமும்தான் தினமும் பார்க்கிறோம். யோகா, நடைப்பயிற்சி என்று மனதை மாற்றுங்கள். நோய்ப் பெயரைத் தூக்கிச் சுமந்தால் அதுவே பாரமாகிவிடும்.

---

வடவாறு

ஆடிக்காற்று, நானும் அந்த வேலைதான் பார்த்தேன், ஹைதராபாத்தில். நீங்கள் எழுதிய விரல் விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். எனக்கு விரல் இல்லை, கண். எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் தேடும். தங்கை குழந்தையின் பிறந்தநாள் போட்டோவிலும் அப்படித்தான் தேடினேன்.

செம்மண்தேரி அண்ணா, நியூஸ் சேனலில் மறைத்துக் காட்டுவார்கள். மறைக்காதது முழுக்க யாரோ ஒருவர் திரையில் ஓடி முடிந்த பிறகுதான் உங்கள் போனுக்கு வராமல் நிற்கிறது. நீங்கள் ரிமோட்டை எடுத்து மாற்றலாம். எங்களால் முடியாது.

மீண்டேனா என்று கேட்டால், பெரும்பாலும் மீண்டுவிட்டேன் என்று சொல்வேன். மருந்தும் தெரபியும் பெரிய பங்கு. இன்னொரு பங்கு, என்னோடு அதே ஃப்ளோரில் இருந்த சில பேர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் காலில் பேசிக்கொள்வோம். முதல் சில வாரம் அது எங்களைக் கெடுக்கத்தான் செய்தது. ஒருவன் "அந்த வீடியோ ஞாபகமிருக்கா" என்று ஆரம்பிப்பான், இன்னொருவன் அதைவிட மோசமான ஒன்றைச் சொல்வான், போனை வைத்த பிறகு யாருக்கும் தூக்கம் வராது. அதில் ஒரு பெண் அந்த க்யூவிலேயே இல்லாதவர். எங்கள் பேச்சைக் கேட்டே அவருக்குக் கனவு வர ஆரம்பித்துவிட்டது. அவர்தான் ஒருநாள் கறாராகச் சொன்னார்: "என்ன பார்த்தீங்கன்னு இனிமே யாரும் சொல்லக்கூடாது. இந்த வாரம் எப்படி இருந்ததுன்னு மட்டும் சொல்லுங்க."

அப்புறம்தான் அந்த வாட்ஸ்அப் பேச்சு உதவ ஆரம்பித்தது. எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, முழித்தபின் என்ன செய்தாய், மாத்திரையை நிறுத்தினாயா, குடித்தாயா, வீட்டில் என்ன சண்டை என்று இவற்றைத்தான் பேசுவோம். என்டிஏ பயமும் அதோடு போய்விட்டது. இதில் எதுவுமே கம்பெனி ரகசியம் இல்லையே.

---

தீயணைப்பு_ஓய்வு

செம்மண்தேரி, நான் தீயணைப்புத் துறையில் முழு சர்வீஸ் முடித்தவன். நேரில் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். எங்களுக்கு அழைப்பு வரும், போவோம், ஏதாவது செய்வோம். காப்பாற்ற முடியாமல் போனாலும் கை வேலை செய்திருக்கும். திரும்பி வந்து ஸ்டேஷனில் டீ வாங்கி எல்லோரும் ஒன்றாக உட்கார்வோம். சில நாள் யாரும் பேச மாட்டோம், ஆனால் ஒன்றாக இருப்போம். இந்தப் பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்தது. கை நீட்டி ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து சீட்டுக்காரனிடமும் பேசக்கூடாது, நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அது எங்களுடையதைவிடச் சிறிய துன்பம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்களிலும் பலர் குடியில்தான் போய் விழுந்தார்கள். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் சில குடும்பங்கள் பிழைத்திருக்கும். பெயர் பாரம் என்று சொல்லாதீர்கள்.

---

மருதநிழல்

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். யாருக்கும் இங்கே நோய் கண்டறிந்து சொல்ல மாட்டேன், பொதுவாக எழுதுகிறேன்.

செம்மண்தேரி கேட்ட கேள்வி நியாயமானது, பலருக்கும் இருப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வரையறைக் கையேட்டில் பிடிஎஸ்டி 1980இல் சேர்ந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில், கொடூர விவரங்களுக்கு வேலையின் காரணமாகத் திரும்பத் திரும்ப ஆட்படுவதும் ஒரு காரணமாகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. டிவி, சினிமா, படம், இணையம் வழியாகப் பார்த்தது இந்தக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு, அப்படிப் பார்ப்பது வேலையாக இருந்தால் வரும் என்று அதே இடத்தில் விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்பறையில் செய்தி பார்ப்பவருக்கும் ஆடிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே இருக்கிறது.

வேலையை விட்டுப் பல மாதம் கழித்து வந்ததே என்று குழம்ப வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு முழு அளவில் வெளிப்படுவதும் அந்தக் கையேட்டில் தனியாகக் குறிக்கப்பட்ட வகைதான். வேலையில் இருக்கும்போது மனம் தன்னை மரத்துப்போக வைத்துக்கொள்கிறது. பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் அந்த மரப்பு விலகுகிறது.

சிகிச்சையைப் பொறுத்தவரை, அதிர்ச்சி நினைவை மையமாக வைத்துச் செய்யும் சிபிடி (சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை இருபுறமும் அசைத்தபடி நினைவைக் கையாள்வது), பிரோலாங்டு எக்ஸ்போஷர் (தவிர்க்கும் நினைவைப் படிப்படியாக எதிர்கொள்வது) ஆகியவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு. மருந்தில் சர்ட்ரலின், பராக்ஸிடின் போன்றவை. வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், பத்தாம் நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். தூக்கத்துக்காக அல்பிரஸோலம், குளோனஸிபாம் வகை மாத்திரையை மெடிக்கலில் வாங்கி நீங்களாகப் போட்டுக்கொண்டே போவது ஆபத்து. பிடிஎஸ்டிக்கு அவை சிகிச்சை அல்ல, பழக்கமும் ஆகிவிடும். தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது "ட்ராமா கேஸ் பார்த்திருக்கிறீர்களா, எந்த முறையில் பார்ப்பீர்கள்" என்று முதல் போனிலேயே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

வடவாறு சொன்ன விதி மிகச் சரியானது. நடந்ததை ஒரே உட்காரலில் எல்லோரையும் கொட்டவைக்கும் 'டிப்ரீஃபிங்' முறையை உலக சுகாதார அமைப்பு தன் வழிகாட்டியிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நினைவுக்குள் நுழைவது தெரபி அறையில், பயிற்சி பெற்றவர் துணையோடு நடக்க வேண்டியது. நண்பர்கள் குழுவின் வேலை வேறு. வாரத்தைத் தாண்ட வைப்பது, மருத்துவரிடம் திரும்பப் போக வைப்பது, தனியாக இல்லை என்று காட்டுவது.

---

செம்மண்தேரி

மருதநிழல் மேடம், விளக்கத்துக்கு நன்றி. வேலையாகப் பார்ப்பதற்கு விலக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தங்கைக்கு நலம் கிடைக்கட்டும்.

---

தொழிற்சங்கத்_தோழன்

ஆடிக்காற்று, "எனக்கு எதுவும் நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வேலை பார்த்தவர்கள் உலகம் முழுக்க இதைச் சொல்லித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2018இல் ஒரு பெண் மாடரேட்டர் ஃபேஸ்புக் மீது வழக்குப் போட்டார். 2020இல் 5.2 கோடி டாலர் சமரசத் தொகைக்கு ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அங்கே 4 மாநிலங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்குக் குறைந்தது 1,000 டாலர், பிடிஎஸ்டி போன்றவை உறுதியானவர்களுக்கு அதற்கு மேல். கென்யாவில் 140க்கும் மேற்பட்ட மாடரேட்டர்களுக்குப் பிடிஎஸ்டி இருப்பதாக மருத்துவ அறிக்கைகள் நீதிமன்றத்தில் தாக்கலாகி 2024 டிசம்பரில் செய்தியானது. மனவலிமை இல்லாத 140 பேர் தற்செயலாக ஒரே வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்ன? வேலைதான் காரணம்.

நம் நாட்டில் நிலைமை பின்தங்கித்தான் இருக்கிறது. 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொழில் சார்ந்த நோய்களுக்கு ஒரு அட்டவணை உண்டு. ஈய நச்சு இருக்கிறது, சிலிகோசிஸ் (கல் தூசியால் வரும் நுரையீரல் நோய்) இருக்கிறது. பிடிஎஸ்டி இல்லை. இது மாற வேண்டும். திரை முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவர்களின் எண்ணிக்கை இவ்வளவு ஆன பிறகும் தொழிற்சாலைப் புகையை மட்டுமே சட்டம் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

---

பேரோல்_அக்கா

நடைமுறை விஷயம் ஒன்று, யாரும் சொல்லவில்லை. இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு இது.

உங்கள் சம்பளம் மாதம் 21,000க்குள் என்றால் பெரும்பாலும் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருக்கும். பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். மாடரேஷன் வேலைக்குப் புதிதாகச் சேரும் நிறையப் பேர் இந்த வரம்புக்குள் வருகிறார்கள், ஆனால் ஈஎஸ்ஐ என்றால் காய்ச்சல், பிரசவம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மனநலப் பிரச்சினைக்கும் ஈஎஸ்ஐ மருத்துவர் சான்று கொடுத்தால் நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம். வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பிடித்தம் போயிருக்க வேண்டும். சென்னையில் கே.கே. நகர், அயனாவரம் இரண்டு இடத்திலும் ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. லீவ் கிடைக்காது என்ற பயத்தில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

ஈஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்டம், சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. இரவு எத்தனை மணியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குபவர்களுக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

---

அகல்

இந்த இழையை என் கணவருக்குத் தெரியாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னமும் அந்த வேலையில்தான் இருக்கிறார். நைட் ஷிஃப்ட். முன்பெல்லாம் பாப்பாவைக் குளிப்பாட்டுவது அவர்தான். இப்போது டவலைக் கையில் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார். அவள் "அப்பா தூக்கு" என்று ஓடி வந்தால் ஒரு அடி பின்னால் போகிறார். எங்கள் மேல் பாசம் போய்விட்டது என்று நினைத்து எத்தனையோ சண்டை போட்டுவிட்டேன். கேட்டால் "ஒண்ணுமில்லை, டயர்டா இருக்கு" என்பார். என்ன வேலை என்றே எனக்குப் போன மாதம்தான் தெரியும். நான் என்ன செய்ய வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

---

வடவாறு

அகல் அக்கா, நான் டாக்டர் இல்லை. ஆனால் இதை என் வாயால் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் க்யூவில் இருந்த அப்பாக்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். பாசம் எங்கேயும் போகவில்லை. திரையில் பார்த்த ஏதோ ஒன்று தன் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது ஞாபகத்துக்கு வந்துவிடுமோ என்று அவர் பயப்படுகிறார். அந்த ஞாபகம் அவளைத் தொட்டுவிடக்கூடாது என்றுதான் பின்னால் போகிறார். எங்கள் குழுவில் ஒருவர் இதையேதான் சொல்லிச் சொல்லி அழுதார்.

"என்ன பார்த்தே" என்று மட்டும் கேட்காதீர்கள். "பாப்பாவை நான் குளிப்பாட்டறேன், நீ வெளியே உட்கார்ந்து அவளுக்குப் பாட்டுப் பாடு" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் குழுவில் இருந்த அவருக்கு இதுதான் ஒத்துவந்தது. பிறகு தலை துவட்டிவிட ஆரம்பித்தார். மெதுவாகத்தான் நடந்தது.

---

மருதநிழல்

அகல், வடவாறு சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். குழந்தையைத் தொடத் தயங்குவது இந்த வேலையில் இருப்பவர்களிடம் நிறையவே தெரிகிற அறிகுறி, சிகிச்சையில் சரியாகக்கூடியது. முடிந்தால் அந்த க்யூவிலிருந்து மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். மாற்றம் கிடைக்கும்வரை, படத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது, சத்தத்தை அணைத்துவிடுவது, சின்ன அளவில் பார்ப்பது ஆகியவை அவருடைய டூலில் இருக்கிறதா என்று கேளுங்கள். சில டூல்களில் இருக்கும், ஆனால் டார்கெட் நெருக்கடியில் யாரும் போட்டுக்கொள்வதில்லை. சத்தத்தை அணைப்பதும் பலருக்கு உதவியிருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் காத்திருக்க வேண்டாம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி அவர் பேசினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இரவு என்றால் 14416. அவர் பேச மறுத்தால் நீங்களே அழைத்துப் பேசலாம்.

---

மட்டுறுத்துநர்

இந்த இழைக்கு வடவாறு சொன்ன விதியையே வைத்துக்கொள்கிறோம். பார்த்த காட்சிகளின் வர்ணனை இருந்த ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன். எழுதியவருக்குத் தனிமடலில் விளக்கியாயிற்று. அவர் மேல் எந்த வருத்தமும் இல்லை, அவர் வந்து தொடர்ந்து எழுதலாம். கம்பெனிப் பெயர், ப்ராஜெக்ட் பெயர் வேண்டாம்.

---

ஆடிக்காற்று

எல்லோருடைய பதிலையும் இரண்டு தடவை படித்தேன். தீயணைப்பு ஐயா, "கை நீட்டி ஒன்றும் செய்ய முடியாது" என்று நீங்கள் எழுதியதை அப்படியே டாக்டரிடம் காட்டினேன். என்ன வேலை, எவ்வளவு நேரம், என்ன வகை என்பதை மட்டும் சொன்னேன், எந்தத் தளம், யாருடைய வீடியோ என்று எதையும் சொல்லவில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. மதுரையிலேயே இஎம்டிஆர் செய்யும் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார். கட்டணம் ஒரு அமர்வுக்கு ஆயிரத்துக்கு மேல் வருகிறது, சமாளிக்க வேண்டும்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். விரல் ஆடினால் "என்னடி" என்று கேட்பதற்குப் பதிலாகக் கையில் ஏதாவது கொடுத்துவிடுங்கள் என்றேன். பூ தொடுக்கச் சொல்கிறார். நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அதற்கு இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

வடவாறு அண்ணா, உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலில் புது ஆளைச் சேர்ப்பீர்களா?

---

வடவாறு

கேட்க வேண்டுமா? தனிமடலில் நம்பர் அனுப்புங்கள். முதல் தடவை வருபவர்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை, கேமராவும் வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர்கள் அதை விடாமல் வர வேண்டும், அதுதான் எங்கள் ஒரே நிபந்தனை. யாராவது ரொம்ப மோசமாக இருந்தால் குழுப் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் மட்டும் அவரோடு பேசிக்கொண்டிருப்போம், டாக்டரிடம் போகும்வரை.

---

கொடிக்கால்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போதும் அந்த வேலையில் இருக்கிறேன், பெங்களூரில். ஞாயிறு ராத்திரி எனக்கு ஷிஃப்ட். வேறு நாள் இருக்கிறதா?

---

வடவாறு

இதுவரை இல்லை. உங்களுக்கு எந்த நாள் ஆஃப்?

---

கொடிக்கால்

செவ்வாய், புதன்.

---

ஆடிக்காற்று

செவ்வாய் சாயந்திரம் என்றால் நான் இருக்கிறேன். முதலில் நாம் இரண்டு பேர் ஆரம்பிக்கலாம். அகல் அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்குச் செவ்வாய் சரிப்படுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் வரலாம்.